வங்கியில் சேர்ந்து மூன்று வாரம், கேஷில் ரூ.1,500 குறைவு: இந்த வேலை எனக்கு வராதா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நாள் ஒரு சீனியர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் மாற்றலாகிப் போனதும் உங்களைக் கேஷில் உட்காரவைத்துவிட்டார்கள். பயிற்சி எப்போது என்று கேட்டால் 'பேட்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாங்க' என்கிறார்கள். கவுண்டருக்கு வெளியே வரிசை கத்துகிறது, உள்ளே மேனேஜர் கத்துகிறார். போன வெள்ளிக்கிழமை கேஷில் ரூ.1,500 குறைந்தது, யாரிடமும் சொல்லாமல் கைக்காசைப் போட்டுக் கணக்கை முடித்தீர்கள். 'எனக்குத் திறமை இல்லையா, விட்டுவிடலாமா' என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் வேறொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. மற்ற எல்லோரும் செய்கிற வேலை எனக்கு மட்டும் ஏன் தலைகால் புரியவில்லை என்பது அது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 1987-ல் கிளார்க்காகச் சேர்ந்து, சர்வீஸில் பாதிக்கு மேல் கேஷிலும் ஹெட் கேஷியர் நாற்காலியிலும் கழித்து, போன வருடம் ஓய்வு பெற்றவன். அதனால் நான் சொல்வது பொதுத்துறை வங்கிக் கிளைக்குத்தான் பொருந்தும். தனியார் வங்கிகளின் உலகம் வேறு. நடைமுறை விவரங்களில் வங்கிக்கு வங்கி வித்தியாசம் உண்டு; உங்கள் வங்கியின் சர்க்குலர் நான் சொல்வதற்கு மாறாகச் சொன்னால் சர்க்குலர்தான் சரி.

நாங்கள் சேர்ந்த காலத்திலும் யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. ஆனால் அன்று வேலை கண்ணுக்குத் தெரியும். லெட்ஜர் மேசைமேல் விரிந்து கிடக்கும். பக்கத்தில் இருப்பவர் பேனா எந்தக் கட்டத்துக்குப் போகிறது, எங்கே கூட்டுகிறார், எங்கே சிவப்பு மையில் அடிக்கிறார் என்று ஒரு வாரம் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். அப்புறம்தான் டெஸ்பாட்ச், கிளியரிங் என்று சுற்றவிடுவார்கள். என்னைக் கேஷில் விட ஏழு மாதம் ஆயிற்று. இன்று எல்லாம் திரைக்குள் போய்விட்டது. சீனியர் நாலைந்து எழுத்தில் ஒரு மெனுவைத் தட்டுகிறார், இரண்டு கீ அழுத்துகிறார், முடிந்தது. நீங்கள் பார்த்ததெல்லாம் அவர் விரலைத்தான். ஏன் அந்த மெனு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. 'ஒரு கை உப்பு போடு' என்று சொல்லும் அம்மாவிடம் ஒரு கை என்றால் எவ்வளவு என்று கேட்கிற கதைதான். போதாக்குறைக்கு ஐந்தாறு கிளார்க் இருந்த கிளையில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். சொல்லித்தர மனசு இருப்பவருக்கும் நேரம் இல்லை. ஆக, உங்களுக்குப் புரியாமல் போனதற்கு உங்கள் மூளை காரணமில்லை. வேலை கற்றுக்கொள்ளும்படியான இடத்தில் யாரும் உங்களை வைக்கவில்லை, அவ்வளவுதான். இது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

அனுபவம் இருந்தால் இந்தத் தவிப்பு வராது என்றும் நினைக்காதீர்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு நாள் விட்டு 10-ஆம் தேதி காலை கிளையைத் திறந்தோம். எனக்கு அப்போது 29 வருட சர்வீஸ். அன்று எனக்கும் சேர்ந்து ஒரு மாதமே ஆன பையனுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மாற்றிக் கொடுக்கும் தொகை முதலில் ரூ.4,000, சில நாளில் ரூ.4,500, அந்த வாரம் முடிவதற்குள் ரூ.2,000 என்றார்கள். 24-ஆம் தேதியோடு மாற்றுவதே கிடையாது என்றார்கள். நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். புது 2000 ரூபாய் நோட்டின் அளவு வேறு என்பதால் ஏடிஎம்மில் வைக்கவும் முடியவில்லை. காலையில் படித்த சர்க்குலர் சாயங்காலம் செல்லாது. அந்த நாட்களில் ஒரு இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, 'என்னால ஆகல' என்று வீட்டில் சொன்னேன். அன்று எங்கள் கவுண்டரில் பெரிய குறைவு எதுவும் வராமல் காப்பாற்றியது விதி அறிவு கிடையாது. எண்ணுவது, டினாமினேஷன் (எந்த நோட்டு எத்தனை என்று) எழுதுவது, அவ்வப்போது டேலி (கையில் உள்ள பணம் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று) பார்ப்பது என்ற மூன்று பழக்கம்தான்.

அதனால் நான் சொல்ல வருவது இது. ஒரு கிளையில் நூறு வேலை இருக்கிறது. அதில் தொண்ணூற்றைந்து வேலையில் தப்பு செய்தால் சரி செய்துகொள்ளலாம். நாமினேஷன் பதிவில் பெயர் தப்பா, திருத்தலாம். பாஸ்புக் பிரிண்ட் கோணலா, புது புத்தகம் போடலாம். என்ட்ரி தப்பா, அன்றே ரிவர்ஸ் செய்யலாம். வாடிக்கையாளர் இரண்டு வசவு விடுவார், மேனேஜர் நாலு வசவு விடுவார், முடிந்தது. திருப்ப முடியாதவை மிகக் கொஞ்சம்: கையை விட்டுப் போன பணம், அடுத்தவரிடம் கொடுத்த பாஸ்வேர்ட், பார்க்காமல் போட்ட கையெழுத்து. இந்த ஆறு மாத புரொபேஷனில் இவை மூன்றையும் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் தாமதமாகட்டும்.

பாஸ்வேர்ட் விஷயம் ஆரம்பத்தில் சாதாரணமாகத்தான் தெரியும். 'உன் ஐடியைக் கொடும்மா, ஒரு என்ட்ரி போட்டுக்கறேன், என்னோடது லாக் ஆயிடுச்சு' என்று நல்ல மனிதர்தான் கேட்பார். புதிதாக வந்தவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. நான் பார்த்த விசாரணைகளில், உட்கார்ந்து என்ட்ரி போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஐடி என்றுதான் கேட்டார்கள். ஒரு பையன் உதவி செய்யப் போய் இரண்டு வருடம் இன்க்ரிமென்ட் இல்லாமல் இருந்தான். 'சார், நீங்க சொல்லுங்க, நானே போடறேன்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். வேலையும் நடக்கும், மெனுவும் கற்றுக்கொள்வீர்கள். கையெழுத்தும் அப்படியே. நகைக்கடன் பையில், சாவி ரிஜிஸ்டரில், இரட்டைப் பூட்டின் இன்னொரு சாவி வைத்திருப்பவர் என்ற முறையில் எங்கேயாவது கையெழுத்து கேட்டால், பையைப் பார்த்த பிறகு, சாவி கைக்கு வந்த பிறகு போடுங்கள். அந்த நேரத்தில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேஷுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். குறைந்தால் கேஷியர் கட்ட வேண்டும் என்பது நடைமுறை, மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நீங்கள் செய்ததுபோல் சத்தமில்லாமல் கைக்காசைப் போட்டு மூடாதீர்கள். ஆபீசரிடம் சொல்லி, குறைவைப் பதிவு செய்துவிட்டுக் கட்டுங்கள். நாளைக்கே ஒருவர் 'அன்னைக்கு அதிகமா வந்துடுச்சும்மா' என்று கொண்டுவந்து நீட்டினால், அது உங்கள் பணம் என்று சொல்ல ஒரு பதிவு வேண்டாமா? கூடினாலும் அதே கதைதான். இன்று 500 கூடியிருக்கிறது, வெள்ளிக்கிழமை குறைவுக்கு ஆயிற்று என்று மனசு கணக்குப் போடும். போட விடாதீர்கள். கூடின பணம் யாரோ ஒரு கிழவியின் முதியோர் பணமாக இருக்கும், அவர் நாலு நாள் கழித்து வருவார்.

எண்ணுவதைப் பற்றி. முந்தின ஆளின் பணம் டிராயருக்குள் போகும் வரை அடுத்த ஆளின் பணத்தைத் தொடாதீர்கள். மேசையில் இரண்டு பேர் பணம் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. ஒரு தரம் கையில், ஒரு தரம் மெஷினில் எண்ணுங்கள். மெஷினை மட்டும் நம்பினால், சாதாரண மெஷின் தாளைத்தான் எண்ணும்; 500 கட்டுக்குள் ஒரு 200 இருந்தாலும் நூறு தாள் என்றே காட்டும். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் நிமிராதீர்கள், மேனேஜரே ஆனாலும். எண்ணிக்கை விட்டுப்போனால் கூச்சப்படாமல் முதலிலிருந்து தொடங்குங்கள். பணம் கொடுக்கும்போது வவுச்சரின் (வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த சீட்டின்) பின்பக்கம் 500 எத்தனை, 200 எத்தனை என்று எழுதிவிட்டுக் கொடுங்கள். 'மெஷின் காலம், இதெல்லாம் எதுக்கு' என்று பக்கத்தில் கிண்டல் வரும். சாயங்காலம் குறையும்போது பேசுகிற ஒரே சாட்சி அந்தப் பின்பக்கம்தான். கேமராப் பதிவு இருக்கிறது, ஆனால் நான்கு மணி நேரப் பதிவில் எந்த நிமிடத்தைப் பார்ப்பது என்று அந்த எழுத்துதான் சொல்லும். அப்புறம், ஒரு மணி வாக்கில் கூட்டம் தணியும்போது ஒரு தரம் டேலி பாருங்கள். அதுவரை சரி என்று தெரிந்துவிட்டால் சாயங்காலம் தேட வேண்டிய வவுச்சர் பாதியாகிவிடும். அதிகக் கேஷை இடையில் ஹெட் கேஷியரிடம் ஒப்படைத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிராயரில் பணம் குறைவாக இருந்தால் பதற்றமும் குறைவாக இருக்கும்.

கள்ள நோட்டு வந்தால் புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். 'வேற கொடுங்க' என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபமாகத் தெரியும். ரிசர்வ் வங்கி விதிப்படி திருப்பித் தரக் கூடாது. முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு, கொண்டுவந்தவருக்கு ரசீது தர வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு வரை என்றால் மாதக் கடைசியில் மொத்தமாகப் போலீசுக்கு அறிக்கை, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் எஃப்ஐஆர். இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆபீசரைக் கூப்பிடுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது உங்கள் 1,500. குறைவு வந்தால் அழுவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள், அது கொஞ்சம் பேசும். ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 4,500 வவுச்சருக்கு 5,400 கொடுத்தால் 900 குறையும். சரியாக 300 என்றால் 200 என்று நினைத்து ஒரு 500 போயிருக்கும். 180 என்றால் 20-க்கு 200 போயிருக்கும். இரண்டும் மஞ்சள் சாயல், சாயங்கால வெளிச்சத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். இன்னொன்று, குறைந்த தொகையில் பாதியைத் தேட வேண்டும். பணம் எடுத்த வவுச்சரைக் கட்டியதாகப் பதிந்துவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகக் காட்டும். 1,500 ஒன்பதால் வகுபடாது, அதனால் இலக்கம் மாறியதாகத் தெரியவில்லை. ஆக இரண்டு வழிதான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, மூன்று 500 ரூபாய்த் தாள் கூடுதலாகப் போயிருக்கிறது. இரண்டாவது, 750 ரூபாய் எடுத்த வவுச்சர் ஒன்று வரவாகப் பதிந்திருக்கிறது. இரண்டாவது என்றால் நல்ல செய்தி. பணம் எங்கும் போகவில்லை, ஒருவர் கணக்கில் 1,500 கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது, ஆபீசர் மூலம் திருத்திவிடலாம். இது உறுதியில்லை, ஊகம்தான். ஆனால் தேட அரை மணி நேரம்தான் ஆகும்.

வேலை கற்றுக்கொள்ள யாரைக் கேட்பது? மேனேஜரைக் கடைசியாகக் கேளுங்கள். அவருக்கும் மேலே இருப்பவர்களிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் மணிக்கு மணி கத்தல் வருகிறது. உங்கள்மேல் விழுவதில் பாதி அங்கிருந்து வந்தது. உங்கள் கிளையில் தஃப்தரியோ (ஃபைல், ரிஜிஸ்டர் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்) பியூனோ இருபது வருடம் அங்கேயே இருப்பவர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். எந்தப் படிவம் எந்த அலமாரியில், எந்தத் தேதியில் எந்தக் கூட்டம் வரும், எந்த வாடிக்கையாளர் கத்துவார் ஆனால் கெட்டவர் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மகளிர் உரிமைத்தொகை 15-ஆம் தேதி வாக்கில் விழும், ஊரக வேலைத் திட்டக் கூலி சொல்லாமல் விழும், நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றோடு வருவார்கள். எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்தால் அன்று காலை மனசு தயாராக இருக்கும். திரையில் சந்தேகம் வந்தால் கவுண்டர் நேரத்தில் ஒவ்வொன்றாகக் கேட்காமல், ஒரு சின்ன நோட்டில் என்ன பிழைச் செய்தி வந்தது, என்ன அழுத்தினேன் என்று குறித்து வையுங்கள். கேஷ் முடிந்து நாலரை மணிக்கு, டீ வந்த பிறகு, நாலைந்தாகச் சேர்த்துக் கேளுங்கள். பதிலை அதே பக்கத்தில் எழுதுங்கள். ஒரே கேள்வியை மூன்றாம் தரம் கேட்டால்தான் சீனியருக்கு எரிச்சல் வரும், புதுக் கேள்விக்கு வராது.

வரிசை கத்துவதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. 'நான் புதுசுங்க, தப்பா எண்ணிட்டா உங்களுக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம், ரெண்டு நிமிஷம் கொடுங்க' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்ன ஊரில் பத்தில் ஏழு பேர் 'மெதுவா எண்ணும்மா' என்பார்கள். மிச்சம் மூன்று பேர் என்ன சொன்னாலும் கத்துவார்கள், என்னிடம் கடைசி நாள்கூட ஒருவர் கத்தினார்.

மேனேஜரிடம் ஒன்று மட்டும் நேராகக் கேளுங்கள். 'எனக்குப் பயிற்சி கொடுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'எனக்கா நேரம் இருக்கு' என்றுதான் பதில் வரும். 'சார், வர்ற வியாழன், வெள்ளி ரெண்டு நாள் மதியத்துக்கு மேல கூட்டம் இல்லாதப்போ இன்னார் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன், பயிற்சி மையத்துக்கு என் பேரை அனுப்பியாச்சான்னு ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்க' என்று கேளுங்கள். அவர் ஒத்துக்கொள்வார் என்று உத்தரவாதம் தர முடியாது. மரியாதைக் குறைவாகப் பேசுவது தொடர்ந்தால் கிளையின் யூனியன் பிரதிநிதியிடம் சொல்லுங்கள். சந்தா கட்டுவது போராட்டத்துக்கு மட்டுமில்லை.

விட்டுவிடலாமா என்பதற்கு வருகிறேன். இதில் என்னிடம் உறுதியான பதில் இல்லை. என்னிடம் வந்த புதியவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். மூன்றாம் வாரத்தில் அநேகமாக எல்லோரும் உங்களைப்போலத்தான் இருந்தார்கள். நாலைந்து மாதத்தில் கை பழகியது. இது ஆராய்ச்சி இல்லை, ஒருவன் கண்ணால் பார்த்தது. இரண்டு பேர் விட்டார்கள். ஒருவர் பயத்தில் விட்டு, மறுபடி இரண்டு வருடம் பரீட்சை எழுதி இன்னொரு வங்கியில் அதே கவுண்டரில் போய் உட்கார்ந்தார். இன்னொருவர் வேலை நன்றாகப் பழகிய பிறகு, எட்டாவது மாதத்தில், இது எனக்குப் பிடிக்கவில்லை என்று நிதானமாகச் சொல்லிவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். அவர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தெரியவில்லை என்பதையும் பிடிக்கவில்லை என்பதையும் மூன்றாம் வாரத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் முடிவை ஆறாம் மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். அதற்குள் நியமன ஆணையை எடுத்து நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று படித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போக வழி தெரிந்தால் உள்ளே இருப்பது கொஞ்சம் லேசாக இருக்கும்.

ஒரு விலக்கு. பாத்ரூமில் போய் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு கெட்ட நாளின் அழுகை என்றால் எனக்குத் தெரியும், ஹெட் கேஷியராக இருந்தபோது அழுது முடித்து வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் பிடிக்கவில்லை, சோறு இறங்கவில்லை, விடியும்போதே நெஞ்சு படபடக்கிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால், அது கேஷியர் பதில் சொல்லும் விஷயமில்லை. டாக்டரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். அப்படியான நிலையில் ஆறு மாதம் பொறு என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

இல்லையென்றால் திங்கட்கிழமை அரை மணி முன்னதாகப் போய், வெள்ளிக்கிழமை வவுச்சர் கட்டை ஆபீசரிடம் கேட்டு வாங்கி, 750 ரூபாய் வித்டிராயல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மகளிர் குழுக் கணக்குகளை முதலில் பாருங்கள், இந்த மாதிரித் தொகை அங்கேதான் அதிகம் வரும். இருந்ததா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள்.